பேக்கப்புக்கு எந்த கிளவுட்? அதை அழிக்க யாரால் முடியும் என்று முதலில் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது. கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். டேலி ஒரு சர்வரில் ஓடுகிறது. டிராயிங்குகள், தரச் சான்றிதழ்கள், பழைய ஆர்டர் விவரங்கள் எல்லாம் சேர்ந்து சுமார் 2 டெராபைட். மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் இருக்கிறது. பேக்கப் என்று பார்த்தால் வாரம் ஒருமுறை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுக்கிறார்கள், முக்கியமான ஃபோல்டர்கள் கூகுள் டிரைவோடு சிங்க் ஆகின்றன. பக்கத்து யூனிட்டில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) புகுந்ததைப் பார்த்து இப்போது கிளவுடுக்குப் போக நினைக்கிறார்கள். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள், அல்லது விலை குறைந்த வேறு யாராவது, எதை எடுப்பது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். 2 டெராபைட் பேக்கப்புக்கு இந்த மூன்று பெரிய நிறுவனங்களில் யாரை எடுத்தாலும் சேமிப்பின் தரத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அமேசானின் எஸ்3 என்ற சேமிப்புச் சேவை 2006 முதல் நடக்கிறது. ஒரு ஃபைல் ஒரு வருடம் பத்திரமாக இருக்கும் வாய்ப்பு 99.999999999 சதவீதம் இருக்கும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். மற்ற இருவரும் இதே மாதிரியான எண்களைத்தான் சொல்கிறார்கள். டிஸ்க் கெட்டு உங்கள் ஃபைல் போய்விடுமோ என்ற கவலை இவர்களிடம் தேவையில்லை.

அப்படியும் கிளவுடில் வைத்த டேட்டாவை நிறுவனங்கள் இழந்திருக்கின்றன. அந்தச் சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால் காரணங்கள் வேறாக இருக்கும். யாரோ அழித்திருப்பார்கள். அல்லது எல்லாப் பிரதிகளும் ஒரே கட்டடத்தில் இருந்திருக்கும். அல்லது பேக்கப் எடுக்கப்படுவதாக நம்பிக்கொண்டிருந்திருப்பார்கள், உள்ளே ஒன்றும் இருந்திருக்காது. அதனால் யார் எந்த கிளவுடைப் பற்றிக் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி: இந்த பேக்கப்பை அழிக்க யாரால் முடியும்?

கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மற்ற நிறுவனங்களின் சோர்ஸ் கோடைப் பாதுகாத்து வைப்பதுதான் அதன் தொழில். எல்லாமே அமேசான் கிளவுடில் இருந்தது. 2014 ஜூனில் ஒருவர் அவர்களுடைய கன்ட்ரோல் பேனலுக்குள் புகுந்து பணம் கேட்டார். அவர்கள் அக்கவுண்டை மீட்க முயன்றதைக் கண்டதும் சர்வர், டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் ஒரு நேரத்து நிலையை அப்படியே எடுத்த பிரதி), பேக்கப் என்று பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார். அதோடு அந்த நிறுவனம் மூடப்பட்டது. சேமிப்புச் சேவையில் ஒரு பழுதும் இல்லை. அசலும் பேக்கப்பும் ஒரே அக்கவுண்டின் கீழ் இருந்ததுதான் அவர்களை முடித்தது.

அழிப்பவர் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2024 மே மாதம் யூனிசூப்பர் என்ற ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியின் கிளவுட் அமைப்பே காணாமல் போனது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட நிறுவனம் அது. அமைப்பை முதலில் உருவாக்கியபோது கூகுள் தரப்பில் ஒரு விவரத்தை நிரப்பாமல் விட்டதால், ஒரு வருடக் கெடு தானாகவே விழுந்திருக்கிறது. கெடு முடிந்ததும் சிஸ்டம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. மறுபடி எழுந்து நிற்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவர்களால் எழ முடிந்ததற்குக் காரணம், அந்த அமைப்புக்கு வெளியே பேக்கப் இருந்தது. வேறொரு நிறுவனத்திடமும் ஒரு பிரதி வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். கூகுள் டிரைவ் சிங்க்கை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள். ரான்சம்வேர் உங்கள் ஃபோல்டரைப் பூட்டினால், பூட்டிய ஃபைல்களைத்தான் சிங்க் மேலே அனுப்பும். பழைய பதிப்புகள் கொஞ்ச காலம் இருக்கும், ஆனால் சாதாரண ஃபைல்களுக்கு 30 நாள் அல்லது 100 பதிப்பு என்பதுதான் வழக்கமான வரம்பு. குப்பைக்குப் போன ஃபைலும் 30 நாளில் போய்விடும். மெயிலிலும் இதே கதைதான். வேலையை விட்டுப் போனவரின் வொர்க்ஸ்பேஸ் அக்கவுண்டை லைசென்ஸ் காசு மிச்சம் என்று நீக்கினால், 20 நாள் வரைதான் அதைத் திரும்ப எடுக்க முடியும். அவர் மூன்று வருடம் ஒரு வாடிக்கையாளரோடு பேசிய விலை விவரம் அத்தனையும் அதோடு போகும். வொர்க்ஸ்பேஸுக்குத் தனியாக பேக்கப் எடுக்கும் சேவைகள் இருக்கின்றன. நல்ல நாஸ் கருவிகளிலும் (ஆபீஸ் நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) அதற்கான வசதி வருகிறது.

அப்படியென்றால் அழிக்கவே முடியாத பேக்கப் எப்படி வைப்பது? இதற்கு அமேசானில் ஆப்ஜெக்ட் லாக் என்று ஒரு வசதி 2018லிருந்து இருக்கிறது. ஒரு ஃபைலை மேலே ஏற்றும்போதே "30 நாளைக்கு இதை யாரும் தொடக்கூடாது" என்று பூட்டிவிடலாம். இதில் இரண்டு வகை. கவர்னன்ஸ் வகையில் தனி அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம். கம்ப்ளையன்ஸ் வகையில் கெடு முடியும்வரை யாராலும் முடியாது, அக்கவுண்டின் முதலாளிக்கும் கூட. மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரில் இம்யூட்டபிள் ஸ்டோரேஜ் என்றும், கூகுளில் பக்கெட் லாக் என்றும் இதே வேலையைச் செய்யும் வசதிகள் உண்டு. பேக்பிளேஸ், வசாபி போன்ற விலை குறைந்த சேவைகளிலும் ஆப்ஜெக்ட் லாக் இருக்கிறது. நீங்கள் பரிசீலிக்கும் நிறுவனத்திடம் இது இல்லையென்றால், மற்ற எதையும் விசாரிக்காமல் அடுத்தவரைப் பார்க்கலாம். என் கணக்கில் இந்த ஒன்றில் சமரசம் கிடையாது.

இந்தப் பூட்டுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. கம்ப்ளையன்ஸ் வகையில் தவறான ஃபோல்டரை ஏற்றிவிட்டால் கெடு முடியும்வரை அதற்கும் வாடகை கட்டியே ஆக வேண்டும். முதலில் ஒரு சின்ன ஃபோல்டருக்கு ஒரு நாள் பூட்டு போட்டுப் பழகுங்கள். கை பழகிய பிறகு 30 நாளுக்குப் போகலாம்.

பூட்டு போட்டாலும் ஒரு வழி திறந்தே இருக்கும்: அக்கவுண்ட். அக்கவுண்டையே மூடிவிட்டால் பூட்டும் அதோடு போய்விடும். இங்கேதான் நம் ஊர் நிறுவனங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் வெண்டர் வருவார், தன் மெயில் ஐடியில், தன் கார்டில் அக்கவுண்ட் திறந்து பேக்கப்பை ஓடவிட்டு, மாதாமாதம் பில் தருவார். நல்ல மனிதராகவே இருக்கட்டும். நாளை அவர் தொழிலை விட்டால், உங்களோடு மனஸ்தாபம் வந்தால், அல்லது அவருடைய லாகினே திருடு போனால், உங்கள் எட்டு வருடக் கணக்கு யார் கையில்? அக்கவுண்ட் நிறுவனத்தின் பெயரில், நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணோடு இருக்க வேண்டும். முதன்மை லாகினுக்குத் தினசரி மெயிலைக் கொடுக்காமல் இதற்கென்றே ஒரு தனி மெயில் வைத்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பு போட்டு, இயக்குநர் ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெண்டருக்கு பேக்கப்பை ஏற்றவும் பார்க்கவும் மட்டும் அனுமதி போதும். அழிக்கும் அனுமதி அவருக்குத் தேவையில்லை.

பணம் கட்டும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பில் தொடர்ந்து கட்டாமல் விட்டால் அக்கவுண்ட் முடக்கப்பட்டு, கடைசியில் டேட்டாவும் அழிக்கப்படும். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு கார்டில் தானாகப் பணம் எடுப்பது முன்பு போல இல்லை. 15,000 ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாக ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்கும். "ஒருமுறை கார்டு எண் கொடுத்தாச்சு, இனி அதுவே ஓடும்" என்று இருந்துவிடாதீர்கள். பில் மெயில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இரண்டு பேருக்காவது போகட்டும்.

அடுத்தது, டேட்டா எந்த ஊரில் இருக்கிறது என்பது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுக்க எரிந்தது. அசல் சர்வரையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு இரண்டும் போனது. காசு கொடுத்து பேக்கப் சேவை வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே கட்டடத்தில்தான் இருந்திருக்கிறது. அவருக்கு நஷ்டஈடு தரும்படி 2023ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் டிரைவ் போனது. அதற்கு வெளியில் பேக்கப் கிடையாது, அளவு பெரிது என்று விட்டிருந்தார்கள்.

உங்களுக்கு ஊர் முக்கியமாவதற்கு இன்னொரு காரணம் சட்டம். நீங்கள் பிரைவேட் லிமிடெட். நிறுவனங்களின் கணக்குகள் பற்றிய விதிகளில் 2022 ஆகஸ்டில் ஒரு திருத்தம் வந்தது. மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில், தினசரி எடுக்கப்பட வேண்டும். அதற்கு முன் "அவ்வப்போது" என்றுதான் இருந்தது. ஆக, வாரம் ஒரு ஹார்ட் டிஸ்க் என்பது டேலி விஷயத்தில் விதிக்கே பொருந்தவில்லை. உங்கள் ஆடிட்டர் இதைக் கவனிக்கக் கடமைப்பட்டவர், அவரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள். கணக்குகளை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதும் நிறுவனச் சட்டத்தில் உண்டு. ஊழியர், வாடிக்கையாளர் விவரங்களுக்கு 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு இருக்கிறது. தகுந்த பாதுகாப்பு இல்லாமல் விவரம் கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

இந்தக் கண்ணோட்டத்தில் நிறுவனங்களைப் பாருங்கள். அமேசானுக்கு மும்பையிலும், 2022 முதல் ஹைதராபாத்திலும் மையங்கள் உண்டு. மைக்ரோசாஃப்டுக்கு புனே, சென்னை, மும்பை. கூகுளுக்கு மும்பை, டெல்லி. பேக்பிளேஸின் மையங்கள் அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில்தான், அதனால் டேலி பேக்கப்புக்கு அது மட்டும் போதாது. டிராயிங்குகளின் கூடுதல் பிரதி வைக்க அது நல்ல இடம். சென்னையில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் ஒரே பேக்கப்பைச் சென்னை மையத்திலேயே வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் அடுத்த வருடமே வந்த வர்தா புயலையும் பார்த்த ஊர் அது. கோயம்புத்தூருக்கு அந்தச் சிக்கல் இல்லை, எந்த மையமும் சரி.

விலைக்கு வருகிறேன். எல்லோரும் மாத வாடகையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். எஸ்3யின் சாதாரண வகுப்பு மும்பையில் ஜிபிக்கு மாதம் சுமார் 2.5 சென்ட், அதாவது 2 டெராபைட்டுக்கு 50 டாலர். பழைய பதிப்புகளும் சேரும்போது இன்னும் ஏறும். பேக்பிளேஸ் 2023ல் அறிவித்த விலை டெராபைட்டுக்கு 6 டாலர். வித்தியாசம் பெரிதுதான். ஆனால் டேட்டாவைத் திரும்ப எடுக்கும்போது ஆகும் செலவு வேறு கணக்கு. மும்பையிலிருந்து வெளியே எடுக்க அமேசான் ஜிபிக்கு ஏறக்குறைய 11 சென்ட் வாங்கும். மொத்த 2 டெராபைட்டையும் எடுத்தால் 200 டாலருக்கு மேல். பேக்பிளேஸில் நீங்கள் வைத்திருக்கும் அளவைப் போல மூன்று மடங்கு வரை மாதாமாதம் இலவசமாக எடுக்கலாம். 2024ல் மூன்று பெரிய நிறுவனங்களும் தங்களை விட்டு மொத்தமாக வெளியேறுபவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அது வேறொருவரிடம் மாறும்போதுதான் உதவும். ரான்சம்வேர் வந்து நீங்கள் ரீஸ்டோர் செய்யும் நாளுக்கு அந்தச் சலுகை இல்லை.

விலைப்பட்டியலில் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் என்ற வகுப்பு மிக மலிவாகத் தெரியும். அதில் போட்ட ஃபைலைக் கேட்டால் கையில் கிடைக்க 12 மணி நேரம் வரை ஆகும், மலிவு வழியில் கேட்டால் 48 மணி நேரம். குறைந்தது 180 நாள் வாடகையும் உண்டு. ஐந்து வருடத்துக்கு முந்தைய டிராயிங்குகளுக்கு அது சரி. நாளை காலை பில் போட வேண்டிய டேலிக்குச் சரிவராது.

இதோடு நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 100 எம்.பி.பி.எஸ். லைன் முழு வேகத்தில் இடைவிடாமல் ஓடினாலும் 2 டெராபைட் இறங்க சுமார் 45 மணி நேரம். நடைமுறையில் மூன்று நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் டிராயிங் இல்லாமல் மெஷின் ஷாப் ஓடுமா? ஓடாது என்றால் எந்த கிளவுடை வாங்கினாலும் அது மட்டும் உங்களுக்குப் போதாது. தொழிற்சாலையிலேயே ஒரு பிரதி வேண்டும்.

சரி, உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன்?

தொழிற்சாலையில் ஒரு நாஸ் வாங்கி வைப்பேன். சர்வரிலிருந்து நாஸ் தானே வந்து ஃபைல்களை எடுத்துக்கொள்ளும்படி அமைப்பேன். சர்வரில் நாஸின் பாஸ்வேர்டு இருக்கவே கூடாது, சர்வருக்குள் புகுந்தவன் அங்கிருந்து நாஸுக்குத் தாவுவதற்கு அதுதான் பாலம். வெளியிலிருந்து பார்க்க வசதி என்று நாஸை இன்டர்நெட்டில் திறந்துவிடவும் மாட்டேன். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த க்யூநாப் நிறுவனத்தின் நாஸ் கருவிகளைத்தான் குறிவைத்தது.

நாஸிலிருந்து தினமும் இரவு அமேசான் மும்பைக்கு. மூன்றில் அமேசானைச் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான்: எஸ்3க்கு எழுதத் தெரியாத பேக்கப் மென்பொருள் அநேகமாக இல்லை. பேக்பிளேஸும் வசாபியும் கூட எஸ்3யின் மொழியையே பேசுகின்றன. அதனால் நாளை மாற வேண்டுமென்றால் முகவரியையும் சாவியையும் மாற்றி, டேட்டாவை நகர்த்தினால் போதும், முறையை மாற்ற வேண்டாம். மாறும் வசதி வேண்டும் என்பதற்கும் ஒரு முன்கதை இருக்கிறது. நிர்வானிக்ஸ் என்ற கிளவுட் சேமிப்பு நிறுவனம் 2013 செப்டம்பரில் மூடப்போவதாகச் சொன்னபோது, டேட்டாவை எடுத்துக்கொள்ள வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு வாரம்தான். நீங்கள் ஏற்கனவே மைக்ரோசாஃப்ட் 365ல் இருந்திருந்தால் அஷூரின் புனே மையத்தைச் சொல்லியிருப்பேன். அங்கே ஜியோ ரிடண்டன்ட் வகையை எடுத்தால் சென்னையில் இன்னொரு பிரதி தானாகவே விழும்.

பக்கெட்டில் (எஸ்3யில் ஃபைல்களைப் போட்டு வைக்கும் பெட்டி) வெர்ஷனிங்கும் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) 30 நாள் ஆப்ஜெக்ட் லாக்கும் போடுவேன். மேலே ஏறுவதற்கு முன்பே உங்கள் பக்கத்தில் என்கிரிப்ட் ஆக வேண்டும் (பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது), ரெஸ்டிக் போன்ற இலவச மென்பொருளிலேயே இது உண்டு. அந்த பாஸ்வேர்டு தொலைந்தால் அமேசானாலும் உங்களுக்கு உதவ முடியாது. தாளில் எழுதி வங்கி லாக்கரில் ஒன்று, இயக்குநர் வீட்டில் ஒன்று வையுங்கள். இப்போது வைத்திருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் தூக்கிப் போட வேண்டாம். வாரம் ஒருமுறை எழுதிவிட்டு, கழற்றி, தொழிற்சாலைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். வயரே இல்லாத டிஸ்க்கை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது.

ஒப்பந்தத்தில் 99.9 சதவீதம் என்று வரும் உறுதிமொழியைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் சேவை கிடைக்கும் நேரத்தைப் பற்றியது. மீறினால் கிடைப்பது பில்லில் ஒரு கழிவு. உங்கள் டேட்டாவின் மதிப்பை யாரும் ஈடு செய்வதில்லை.

கடைசியாக, ரீஸ்டோர் சோதனை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால், தினமும் எஸ்3க்குப் போக வேண்டியது போகவே இல்லை. டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது, அப்படியும் சுமார் 6 மணி நேர டேட்டா போனது. மென்பொருளே தொழிலாக இருப்பவர்களுக்கே இப்படி என்றால் பேக்கப் முடிந்தது என்று மென்பொருள் காட்டும் பச்சை டிக்கை மட்டும் நாம் நம்பி இருக்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்பந்தமில்லாத ஒரு கம்ப்யூட்டரில், கிளவுடிலிருந்து டேலி கம்பெனியை இறக்கித் திறந்து, நேற்றைய கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று அக்கவுண்டன்ட் பார்க்கட்டும். டிராயிங்கில் ஏதாவது பத்தைத் திறந்து பார்க்கட்டும். எவ்வளவு நேரம் ஆனது என்றும் குறித்து வையுங்கள்.

டேலி பற்றி இன்னொன்று. எல்லோரும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் வந்து, ரீஸ்டோர் செய்யும்போது திறக்காமல் போகலாம். டேலியின் சொந்த பேக்கப் வசதியில் எடுத்த ஃபைலை மேலே அனுப்புங்கள், அல்லது எல்லோரும் வெளியேறிய பிறகு இரவில் ஓடவிடுங்கள். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இந்த வாரமே, இப்போது கையில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வேறொரு கம்ப்யூட்டரில் டேலியை ரீஸ்டோர் செய்து பாருங்கள். அது திறக்கவில்லை என்றால் கிளவுடுக்குக் காத்திருக்காமல் அன்றே ஒரு புது பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள்.